அனுசரணை

பங்கு அலுவலக மேசைக்குப் பின்னால், கைவைத்த பிரம்பு நாற்காலியில், பங்குத்தந்தை ஜோஜோ அச்சன். அவருக்கு வலது பக்கம், முழங்கை படாத தூரத்தில் போட்டிருந்த ஸ்டூலில், தேயிலைத் தோட்டத்து மேல்டிவிஷன் உபதேசியார் பவுல்ராஜ். மடியில் அட்டை, அட்டைமேல் வெள்ளைத்தாள், கையில் பேனா. ஜன்னலோரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் பங்குப் பேரவைச் செயலாளர் ஜிபின், வண்டிப்பெரியார் பஜாரில் செருப்பும் குடையும் விற்கிறவர். கடையைப் பாதி சாத்திவிட்டு வந்த அவசரம் அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. மூவருக்கும் எதிரே, சுவரோரத்து நீளப் பெஞ்சின் நடுவில், சிசிலி. அவளை மட்டும்தான் வரச் சொல்லியிருந்தார்கள். கூப்பிடாமலே வந்த கத்தரீனாள் அவளை ஒட்டி உட்கார்ந்து, ஈரக்குடையைக் கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டாள். வாசற்படியில், உள்ளே வரவும் மனசில்லாமல், எழுந்து போகவும் மனசில்லாமல், சிசிலியின் மகள் டின்டு.

ஸ்டூலில் இருந்த பவுல்ராஜ், பெஞ்சில் இருந்த சிசிலியின் புருஷன். வீட்டிலிருந்து ஒரே ஜீப்பில் இறங்கி வந்தவர்கள்தான். அறைக்குள் நுழைந்ததும் அவர் அந்தப் பக்கம் போனார், இவள் இந்தப் பக்கம் வந்தாள்.

விஷயம் ஓலை. டின்டுவுக்கு மூணாறில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பூசை முடிவில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும்: இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிறு அச்சன் நோயாளிகளுக்கான ஜெபத்தை அறிவித்தார், கல்லறைத் தோட்டம் வெட்ட ஆள் வேண்டும் என்று அறிவித்தார், தாளை மடித்து வைத்துவிட்டு இறுதி ஆசீர் கொடுத்தார். மூன்றாம் ஓலை வாசிக்காமல் மூணாறுக் கோயிலுக்குச் சீட்டுப் போகாது. சீட்டுப் போகாமல் அங்கே தாலி கட்ட முடியாது.

ஏன் வாசிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத்தான், பிரசங்கத்தின் நடுவில், சிசிலி எழுந்து நின்றிருந்தாள்.

ஆடி மழையில் மேல்டிவிஷன் கடைசி லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலை சரிந்தது. உருள் பொட்டிவிட்டது என்பார்கள் அங்கே. மாட்டை அவிழ்த்துவிடப் போன வினோ, கத்தரீனாளின் மகன், மண்ணுக்குள் போனான். பெண்கள்தான் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டி அவனை எடுத்தார்கள். ரோடு இரண்டு இடத்தில் அறுந்து கிடந்தது. போனில் டவர் இல்லை. உபதேசியார் பவுல்ராஜ் டவுனில் மாட்டிக்கொண்டார். அச்சன் சரிவுக்கு அந்தப் பக்கம். மழை நிற்கிற மாதிரி இல்லை, வெள்ளைத்துணிக்குள் இருக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பார்த்திருப்பது? சிசிலி வீட்டிலிருந்து புருஷனின் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தாள். மேலிருக்கிற சின்னக் கோயிலைத் திறந்து, செபஸ்தியார் காலடியில் இருந்த தீர்த்தப் பாட்டிலை எடுத்தாள். குழிக்கரையில் நின்று அவள் வாசிக்க, பெண்கள் பதில் சொல்ல, வினோவை அடக்கம் செய்தார்கள்.

அச்சனும் சும்மா இருந்துவிடவில்லை. ரோடு சரியாகும்வரை காத்திராமல், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, தலையில் அரிசிச் சிப்பத்தோடு தேயிலைக் காட்டு வழியாக ஏறி வந்தார். வினோவின் குழிமேட்டில் முழங்காலிட்டு அழுதார். வந்த புதிதில் 'சுகமா' என்பதைத் தவிர வேறு தமிழ் தெரியாதவர், ஒரே வருசத்தில் தமிழில் பிரசங்கம் வைக்கிற அளவுக்குத் தேறியவர். லயத்துக்காரர்களுக்கு அவர்மேல் பிரியம்தான். மலையாளத்துக்காரர்களுக்கு அவர் அச்சன், இவர்களுக்குச் சாமி.

தகராறு அதற்குப் பிறகு வந்தது. மகன் புதைந்த சரிவைத் தாண்டிக் கோயிலுக்கு இறங்கி வரமாட்டேன் என்றாள் கத்தரீனாள். அவளுக்காக மேலே சின்னக் கோயிலிலேயே ஞாயிறுதோறும் கூடினார்கள். சிசிலி வாசகம் வாசித்தாள். முன்னால் நின்று ஜெபம் சொன்னாள். அச்சன் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஒரு பங்குக்கு ஒரு பீடம், எல்லாரும் இறங்கி வாருங்கள் என்றார். சிசிலி கத்தரீனாளைக் கையைப் பிடித்து, ஒரு ஞாயிறு, கண்ணை மூடச் சொல்லி, அந்தச் சரிவைத் தாண்டிக் கூட்டிக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் பார்த்து அச்சன் எடுத்த பிரசங்கம் கோராகு. மோசேக்கு எதிராக, 'நாங்களும் தூய்மையானவர்கள்தான், நீ மட்டும் ஏன் தலைவன்?' என்று கலகம் பண்ணினவன். கடவுள் நிறுத்தின ஆளை எதிர்த்ததால் நிலம் வாயைத் திறந்து அவனையும் அவன் வீட்டையும் உயிரோடு விழுங்கியது என்று கையை விரித்து, மூடிக் காட்டினார்.

அந்தக் கை மூடினபோது கத்தரீனாள் ஒரு சத்தம் போட்டாள். சிசிலி எழுந்து நின்றாள். "அந்தப் பேச்சு வேண்டாம் சாமி" என்றாள். மைக் இல்லாமலே கோயில் முழுக்கக் கேட்டது. கத்தரீனாளைத் தூக்கி நிறுத்திக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே மேல்டிவிஷன் பெஞ்சுகள் காலியாயின.

அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

"எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லை, சிசிலி" என்று தொடங்கினார் அச்சன். "ஒரே ஒரு காரியம்தான் நான் கேக்குறது. அனுசரணை. நம்ம பங்குல அனுசரணை இல்லாமப் போயிடுச்சு. அது இருந்தா வேற எதுவும் வேண்டாம்."

வரும் வழியெல்லாம் பதில்களை அடுக்கிக்கொண்டு வந்த சிசிலிக்கு அத்தனையும் கையிலிருந்து நழுவின. மன்னிப்பு என்பார், தண்டனை என்பார் என்று எதிர்பார்த்திருந்தாள்.

"அப்பிடிச் சொல்லுங்க சாமி" என்றாள் கத்தரீனாள். "அது ஒண்ணுதான் இல்ல."

"அதத்தான சாமி நாங்களும் கேட்டுக்கிட்டுக் கெடக்கோம்" என்றாள் சிசிலி. குரல் தானாக இறங்கியிருந்தது.

"அப்போ சம்மதமா?"

"மனசார."

ஜிபின் தொடையில் தட்டினார். "தீர்ந்நு! இவ்வளவுதான் விஷயம். நான் டீ சொல்லட்டா?"

"எழுதிக்கோ பவுல்ராஜ்" என்றார் அச்சன்.

பவுல்ராஜ் முகத்தில் பல நாளாகக் காணாத வெளிச்சம். தலையைக் குனிந்து எழுதினார், எழுதினதை உரக்கப் படித்தார்: "இனிமேல் நான் பங்குத்தந்தைக்கு எல்லாக் காரியத்திலும் அனுசரணையாக இருப்பேன்."

"சரி. அடுத்த வரி எழுதுங்க" என்றாள் சிசிலி. "பங்குத்தந்தையும் மேல்டிவிஷன் சனங்களுக்கு எல்லாக் காரியத்திலும் அனுசரணையாக இருப்பார்."

பவுல்ராஜ் சந்தோஷமாக 'பங்குத்தந்தையும்' வரைக்கும் எழுதிவிட்டார்.

"நில்லு, நில்லு." அச்சன் கையைத் தூக்கினார். "நான் எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"நான் எதுக்கு உங்களுக்கு அனுசரணையா இருக்கணும்?"

கத்தரீனாள் குடையைத் தரையில் ஒரு குத்துக் குத்தினாள்.

"கேட்டியாட்டி சிசிலி? வாயாலயே சொல்லிட்டாரு. புள்ளையப் பறிகுடுத்தவளுக்கு அனுசரணையா இருக்க மாட்டாராம்! அரிசிச் சிப்பத்தச் சொமந்துட்டு வந்த மனுசனா இது?"

"கத்தரீனாம்மா, நான் என்ன தப்பாச் சொன்னேன்?" அச்சனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எந்த ஊர்லயாவது அச்சன் ஆளுகளுக்கு அனுசரணையா இருக்குமா? இடையன் சொல்றத ஆடு கேக்கணுமா, ஆடு சொல்றத இடையன் கேக்கணுமா?"

'கேக்கணுமா' என்ற அந்த இடத்தில் சிசிலிக்கு விளங்கிவிட்டது. அவர் தமிழில் பேசிக்கொண்டிருந்ததால் அவள் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள். 'அனுசரணை' என்ற அந்த ஒரு சொல் மட்டும் மலையாளத்திலேயே தங்கிவிட்டது. அவர் ஊரில் அதற்குச் சொன்னபடி கேட்பது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் பக்கத்து மலையாள வகுப்பில் பிரம்பு எடுக்கும்போதெல்லாம் மாஸ்டர் வாயில் வந்த சொல். லயத்தில் அதற்கு வேறே அர்த்தம். பிள்ளைத்தாய்ச்சி கூடை நிறையக் கொழுந்தோடு ஏற்றத்தில் மூச்சு வாங்கினால், பக்கத்து நிரைக்காரி ஒன்றும் பேசாமல் அந்தக் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வாளே, அது.

இரண்டு பாஷையும் ஒரே அளவுக்குத் தெரிந்த ஜிபின்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே மலையாளத்தில் அச்சனுக்குச் சொன்னார். அச்சனின் காது சிவந்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. கத்தரீனாள்கூட, என்னவென்று தெரியாமலே, கொஞ்சம் சிரித்தாள். அந்த ஒரு நிமிடம் அந்த அறை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்ந்திருக்கும்.

"சரி" என்றார் அச்சன், சிரிப்பைத் துடைத்துக்கொண்டு. "அத வெட்டிட்டு, கீழ்ப்படிதல்னு எழுது பவுல்ராஜ். ரெண்டாவது வரி வேண்டாம். கலகம் பண்ணினேன், மன்னிக்கணும், இனி கீழ்ப்படிவேன். மூணு வரி மதி, போதும்."

பவுல்ராஜ் பேனாவைத் தாள்மேல் வைத்தார். வெட்டினார். அந்தக் கீறல் சத்தம் படியில் இருந்த டின்டு வரைக்கும் கேட்டது.

"நான் கீழ்ப்படியாதவ இல்ல சாமி" என்றாள் சிசிலி. "இறங்கி வாங்கன்னீங்க, இவளக் கண்ண மூடிக் கூட்டிட்டு வந்தேன். கூட்டிட்டு வந்த அன்னிக்கா அந்தக் கதை?"

"நான் கோராகைச் சொன்னேன். வினோவைச் சொல்லலை."

"எங்களுக்குக் கோராகைத் தெரியாது சாமி. மண்ணு வாயத் தெறக்குற சத்தம் தெரியும்."

அச்சன் கண்ணைத் தாழ்த்தினார். மேசைமேல் இருந்த பென்சிலை நேராக வைத்தார்.

"அது நான் யோசிக்கலை. அதுக்கு நான் வருத்தப்படுறேன். ஆனா நீங்க பாதியில போனீங்க, சிசிலி. மிச்சம் கேக்கலை. நிலம் மூடினதோட அந்தக் கதை முடியலை. பெறகு சனங்களுக்குள்ள கொள்ளைநோய் வந்தது. குருவான ஆரோன் தூபக்கலசத்தை எடுத்துட்டு ஓடிப்போய், செத்தவங்களுக்கும் உயிரோட இருக்கவங்களுக்கும் நடுவுல நின்னாரு. நோய் நின்னுச்சு. அதைச் சொல்லத்தான் நான் வந்தேன். நடுவுல நிக்குறதுக்குக் கடவுள் ஒரு ஆளை அபிஷேகம் பண்ணி வச்சிருக்கார். ஆளாளுக்குக் கலசம் எடுத்தா அதுக்குப் பேரு கலகம்."

இது சிசிலிக்குத் தெரியாத மிச்சம். அல்லது எப்போதோ கேட்டு மறந்தது. செத்தவர்களுக்கும் உயிரோடு இருப்பவர்களுக்கும் நடுவில் என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். குழிமேட்டில் இந்தப் பக்கம் வெள்ளைத்துணி, அந்தப் பக்கம் நனைந்து நின்ற பெண்கள், நடுவில் தன் கையில் தீர்த்தப் பாட்டில்.

"அன்னிக்கு நடுவுல ஆள் இல்ல சாமி."

"எனக்கு வழி இல்லாம..."

"வழி இல்லன்னு எனக்குத் தெரியாதா? உங்களையும் குத்தம் சொல்லல, இந்தா ஸ்டூல்ல இருக்காரே, இவரையும் குத்தம் சொல்லல. ஆள் இல்ல, நின்னேன். இப்ப நீங்க வந்துட்டீங்க, உக்காருன்றீங்க, சரி, உக்காந்துட்டேன். ஆனா நின்னது கலகம்னு என் கையால எழுதிக் கேக்காதீங்க. அப்பிடி எழுதினா வினோவ அடக்கம் பண்ணினதும் கலகம். அவன் மேல தெளிச்ச தீர்த்தமும் கலகம். அப்புறம் அவனத் தோண்டி எடுத்துத் திருப்பி ஒருக்கா புதைக்கணும்."

"சிசிலி!" என்றார் பவுல்ராஜ்.

"நீங்க எழுதுங்க."

அச்சன் எழுந்தார். அவர் முகத்தில் கோபத்தைவிடக் களைப்பு அதிகமாக இருந்தது.

"மூணு வரி. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னாடி என் கையில வந்தா ஓலை வாசிப்பேன். வரலைன்னா எனக்கு வழி இல்லை. ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் பூசையில எழுந்து நிப்பாங்க."

"எல்லாரும் ஏற்கெனவே நின்னாச்சு சாமி" என்றாள் கத்தரீனாள், குடையை விரித்துக்கொண்டே. "நீங்கதான் பாக்கல."

வீட்டுக்கு வந்தும் பவுல்ராஜ் சட்டையைக் கழற்றவில்லை. அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, ஒரே விஷயத்தை வேறு வேறு பக்கத்திலிருந்து சொல்லிப் பார்த்தார்.

"மூணு வரிதான புள்ள. எழுதிக் குடுத்துட்டு மனசுக்குள்ள நீ நெனைக்கிறத நெனைச்சுக்கோயேன். யாரு வேண்டாங்குறா?"

"மனசுக்குள்ள நெனைக்கிறதுக்கு எதுக்கு வேதக்காரியா இருக்கணும்?"

"பெரியவுகளுக்கு அடங்கிப் போறதுதான் நம்ம வேதம். ஏசுவே சிலுவையில வாயத் தெறக்கல."

"தெறந்தாரு. ஏன் கைவிட்டீருன்னு கேட்டாரு. பெத்த அப்பனையே கேட்டாரு. கேட்டுட்டுத்தான் உயிர ஒப்படைச்சாரு. அவரு கேட்டது கலகமா?"

பவுல்ராஜ் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நான் இங்க இருந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது" என்றார்.

சிசிலி திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் பண்ணின நாளிலிருந்து பார்க்கிற முகம். அதில் மாட்டிக்கொண்டிருந்தது அச்சன் பயம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதற்குப் பின்னால் இது இருந்திருக்கிறது.

"நீங்க இருந்திருந்தா நீங்க நின்னிருப்பீங்க" என்றாள். "நான் பதில் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான வித்தியாசம்? சட்டையக் கழட்டுங்க, ஈரம்."

டின்டு வெளியில் போன் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தாள்.

"மூணாறுல கேக்குறாக, மூணாம் ஓலை என்னாச்சுன்னு."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"சொல்லிட்டேன். எங்கம்மா பூசையில எந்திரிச்சிட்டா, சாமி ஓலைய நிப்பாட்டிட்டாருன்னு."

"அடிப் பாவி. அதுக்கு அந்தத் தம்பி?"

"சிரிச்சாரு. அவுக அம்மா போன வாங்கி, எந்திரிச்சப்ப உங்கம்மா என்ன சேலை கட்டியிருந்தான்னு கேட்டாக."

சிசிலிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது. "விளையாடாத. நாள் குறிச்சாச்சு. மண்டபம் சொல்லியாச்சு. ஒனக்குன்னு பாத்தா நான் மூணு வரி எழுதலாம். நீ சொல்லு. எழுதுன்னு சொல்லு, இந்த நிமிசமே எழுதுறேன்."

டின்டு கதவுச் சட்டத்தில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"வினோ அண்ணன் சொல்லியிருந்துச்சு, கல்யாணத்தன்னிக்குக் கேக்கை நான்தான் மடியில வச்சு மூணாறுக்குக் கொண்டுவருவேன், ஜீப்புல ஒருத்தரும் தொடக் கூடாதுன்னு." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த அண்ணனப் பொதைச்சது கலகம்னு நீ எழுதி, அதுக்குப் பதிலா எம் பேர வாசிப்பாகளா? அந்த ஓலையில எம் பேரு வேண்டாம்மா. தள்ளிப் போனா தள்ளிப் போகட்டும். நான் ஒண்ணும் ஓடிப் போகல."

பவுல்ராஜ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மேசைமேல் சிசிலி பக்கமாக வைத்தார். வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வண்டிப்பெரியார் பள்ளிக்கூடத்துத் தமிழ் வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், இடது பக்கம் இரண்டு விரல் இடம் விடாத கடிதத்தைப் படிக்கவே மாட்டார். சிசிலி இரண்டு விரல் வைத்துக் கோடு இழுத்தாள். அனுப்புநர், பெறுநர் எழுதினாள். பெறுநர், மேதகு ஆயர் அவர்கள். அதற்குக் கீழே கொஞ்சம் யோசித்துவிட்டு, 'வழி: பங்குத்தந்தை அவர்கள்' என்று எழுதி அடிக்கோடிட்டாள். பங்கிலிருந்து ஆயருக்குப் போகிற கடிதம் பங்குத்தந்தை கையைத் தாண்டித்தான் போக வேண்டும். அதுதான் முறை. முறையை மீறினாள் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்கப்போவதில்லை.

பிறகு எழுதினாள்:

'மண்சரிவில் இறந்த வினோவின் அடக்கத்தில் நான் செய்தவை: புத்தகத்தில் உள்ள ஜெபத்தை வாசித்தேன், தீர்த்தம் தெளித்தேன், முதல் பிடி மண் போட்டேன். குருவானவர் மட்டுமே செய்யக்கூடிய எதையும் செய்யவில்லை. அவர் வரமுடியாத இடத்தில் அவருக்காகக் காத்து நின்றேன் என்றுதான் நினைக்கிறேன்.

பிரசங்கத்தின்போது எழுந்து நின்றேன். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். முடியும் முன்னே வெளியே போனேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மிச்சத்தையும் கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

திருச்சபைக்கு நான் கீழ்ப்படிகிறேன். இந்தக் கடிதம் பங்குத்தந்தை கையில் ஒட்டாமல் கொடுக்கப்பட்டு, அவர் படித்த பிறகே தங்களுக்கு வருகிறது. ஆனால் கீழ்ப்படிகிறவர் பேசக்கூடாது என்று யாரும் எனக்கு ஞானோபதேசத்தில் சொல்லித்தரவில்லை. மகளுக்காகக் கெஞ்சின கானானியப் பெண்ணை ஆண்டவர் ஒருமுறை மறுத்தார். அவள் எதிர்த்துப் பேசினாள். அவர் அவளைக் கலகக்காரி என்று சொல்லவில்லை. உன் விசுவாசம் பெரியது என்றார்.

எங்கள் பங்குத்தந்தை நல்லவர். தலையில் அரிசி சுமந்து மலை ஏறினவர். எங்களிடம் அவர் கேட்பது கீழ்ப்படிதல், நாங்கள் அவரிடம் கேட்பது அனுசரணை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வைத்து ஒரு பங்கை நடத்த முடியாது.

ஆகவே என் மகளின் மூன்றாம் ஓலையை வாசிக்க உத்தரவிடவோ, அல்லது அதற்கு விலக்கு அளிக்கவோ வேண்டுகிறேன். கலகம் செய்தேன் என்று எழுதித் தந்து அந்த ஓலையைப் பெற எனக்கு மனமில்லை. என் மகளுக்கும் மனமில்லை.'

கையெழுத்துப் போட்டாள். ஒருமுறை படித்துப் பார்த்தாள். ஒரு இடத்தில்கூட அடித்தல் இல்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு இறங்கினாள். கத்தரீனாள் ஜீப்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். சரிவு வந்தபோது, "கண்ண மூடிக்கோ" என்றாள் சிசிலி.

"எதுக்குட்டி? நான் பாத்துட்டே வாரேன்" என்றாள் கத்தரீனாள். பார்த்துக்கொண்டே வந்தாள்.

அச்சன் அதே பிரம்பு நாற்காலியில் இருந்தார். கணக்கு எழுத வந்த பவுல்ராஜும் அங்கே இருந்தார். ஆனால் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. அவர் வாசல் பக்கம், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

சிசிலி கவரை மேசைமேல் வைத்தாள். "ஒட்டல சாமி. படிங்க."

அச்சன் எடுத்தார். தமிழ் வாசிக்கையில் அவருக்கு உதடு அசையும். மெதுவாக, விரலை வரிமேல் நகர்த்திக்கொண்டு படித்தார். கானானியப் பெண் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. அப்புறம் கீழே போனது. மறுபடி நின்றது.

"இங்கே அனுசரணை எழுதியிருக்கீங்க. இது எந்த அர்த்தத்துல?"

"எங்க அர்த்தத்துல சாமி."

அவர் தாளைக் கீழே வைத்தார். வெளியே பார்த்தார். கோயில் முற்றத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அதில் வானம் சாம்பலாகக் கிடந்தது.

"நான் ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க மாட்டேன், சிசிலி."

"தெரியும் சாமி."

"பிஷப் சொன்னா அடுத்த நிமிஷம் வாசிப்பேன். நானும் ஒருத்தருக்கு அனுசரணையா இருக்குறவன்தான்."

"அது எந்த அர்த்தத்துல?"

அவர் வாயோரம் லேசாகக் கோணியது. சிரிப்பா, வலியா என்று தெரியவில்லை. "என் அர்த்தத்துல."

"அப்ப வழியா வந்ததுன்னு ஒரு ஒப்புப் போடுங்க."

"போடலைன்னா?"

"போடலைன்னும் அதுல ஒரு வரி எழுதி அனுப்புவேன். கீழ எடம் விட்டிருக்கேன்."

அச்சன் பார்த்தார். கையெழுத்துக்குக் கீழே, சரியாக ஒரு வரிக்கு, இடம் விட்டிருந்தது. அவர் பேனாவைத் திறந்தார். 'வழி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், மலையாள எழுத்தில், 'கண்டு', அதாவது பார்த்தாயிற்று, என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி வைத்தார். தாளை மடித்துக் கவருக்குள் போட்டு, பசை பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வேண்டாம் சாமி. கொண்டுவந்திருக்கேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, சின்ன இலைத்துண்டில் மடித்து வைத்திருந்த நாலு பருக்கைச் சோற்றை எடுத்தாள். கவர் விளிம்பில் வைத்துப் பெருவிரலால் தேய்த்தாள். மடித்து, மேசையின்மேல் வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அழுத்திவிட்டாள். மேசை லேசாக ஆடியது.

"சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்று கைகூப்பினாள், எப்போதும் போல.

"என்றென்றும்" என்றார் அச்சன், எப்போதும் போல.

வெளியே வந்தபோது பவுல்ராஜும் கூடவே இறங்கினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, போகச் சொல்லவுமில்லை. மூவரும் பஜார் வழியாக நடந்தார்கள். கடை வாசலில் குடை தொங்கவிட்டுக்கொண்டிருந்த ஜிபின், "எந்தா சேச்சி, எழுதியோ?" என்று கேட்டார்.

"எழுதினேன்" என்றாள் சிசிலி. கவரைத் தூக்கிக் காட்டினாள்.

தபால் ஆபீஸில், ரெஜிஸ்டர் என்றதும் உள்ளே இருந்த பெண் கவரைத் திருப்பிப் பார்த்தாள். ஒட்டின இடத்தில் ஒரு பருக்கை லேசாகப் பிதுங்கி நின்றது. "இது பிரியாதில்ல?" என்று மலையாளத்தில் கேட்டாள்.

"பிரியாது" என்றாள் சிசிலி.

முத்திரை இரண்டு முறை விழுந்தது. அந்தப் பெண் கவரைப் பின்னால் இருந்த பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தாள்.